பார்வையிட்டவர்: ரெனிட்டா

மென்பொருளின் புதிய பதிப்பில் கோளாறு என்று ரெனிட்டாவுக்கு முதல் மடல் வந்தது. முழுதாகப் படிக்கும் முன்பே, எந்த இடத்தில் கோளாறு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் அவளுக்கு வேலை. தோல் இருப்பு, ஏற்றுமதி, சம்பளம் என்று பகல் முழுக்கக் கம்பெனிக்கு உழைத்துவிட்டு, இடையில் கிடைக்கும் நேரத்தில் ஒரு கட்டற்ற மென்பொருளுக்கும் கைகொடுத்தாள். அதற்குச் சம்பளம் கிடையாது. உலகத்தின் எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து, மின்னஞ்சலிலேயே பேசி வளர்த்த கருவி அது. கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராமைப் போட வேண்டுமென்றால், அது நம்பியிருக்கும் வேறு சில புரோகிராம்கள் முன்பே இருந்தாக வேண்டும். எதற்கு எது தேவை என்று சோதித்து, முறைப்படி எல்லாவற்றையும் போடுவதுதான் அந்தக் கருவியின் வேலை. யாராவது அதில் ஒரு திருத்தம் எழுதி அனுப்பினால், சேர்ப்பதற்கு முன் படித்துப் பார்ப்பவர்களில் ரெனிட்டாவும் ஒருத்தி. திருத்தத்தின் கீழே பார்த்தவரின் பெயரும் ஏறும்.

பக்கத்து மேசை ஃபரீதாவை அந்தக் குழுவில் சேர்த்துவிட்டதும் அவள்தான். ஃபரீதா அவளுக்குப் பின் வேலைக்கு வந்தவள். வீட்டிலிருந்து பிரியாணி கொண்டுவந்தால், கத்திரிக்காயை முதலில் அக்கா தட்டில் வைத்துவிட்டுத்தான் தான் சாப்பிடுவாள். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தாள். இன்டர்வியூவில் காட்டுவதற்காக, எதற்கு எது தேவை என்று பார்க்கும் அந்தச் சோதனையையே புதிதாக, முன்பைவிட வேகமாக ஓடும்படி எழுதி அனுப்பினாள்.

ரெனிட்டா அதைத் திறந்து படித்தாள். ஒரே சோதனை தன்னைத் தானே திரும்பத் திரும்ப அழைத்துக்கொள்ளும் ‘ரிகர்ஷன்’ வகைப் புரோகிராம். காலேஜில் அந்தப் பாடத்தை நெட்டுருப் போட்டுத்தான் அவள் பரீட்சை எழுதினாள். அது யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு அழைப்பிலும் ஒரு பட்டியல் கூடவே போய்க்கொண்டிருந்தது. எதற்கு என்று பிடிபடவில்லை. ஃபரீதா கைநீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தாள். ‘இது இன்னா?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கேட்காமல், எழுதினாள். இந்த வரி நீளம். இங்கே இடைவெளி விடவில்லை. இந்தப் பெயர் நம் வழக்கப்படி இல்லை. எல்லாம் சரியான குறைகளே. தெரிந்ததைச் சொல்லும்போது அவளுக்கு வரும் அழுத்தந்திருத்தமான தொனி வந்துவிட்டது. அந்த வேகத்திலேயே கடைசியில் சேர்த்தாள்: ‘இந்தப் பட்டியல் தேவையில்லை. எடுத்துவிட்டுச் சுருக்கவும்.’

மறுநாளே ஃபரீதா திருத்தி அனுப்பினாள். பட்டியல் போயிருந்தது. பார்வைக்குக் கோலம் போட்டது போலச் சுத்தமாக இருந்தது. ஓட்டிப் பார்க்கவும் இல்லை ரெனிட்டா. சரி என்று தன் பெயரைப் போட்டாள். அது புதிய பதிப்பில் சேர்ந்து வெளியானது.

இப்போது ஆளுக்கு ஆள் எழுதினார்கள். இரண்டு புரோகிராம்கள் ஒன்றையொன்று நம்பியிருந்தால், சோதனை இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்குமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. கம்ப்யூட்டர் திணறி நின்றுவிடுகிறது.

பிரின்டரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த, அவர்களோடு அங்கேயே வேலை செய்யும் நவீன்குமார் சிரித்தான். “இன்னா ஃபரீதா, ஊர் உலகத்தையே செக்குமாடா சுத்த விட்டுட்டியாமே?”

“போண்ணா, பேஜார் பண்ணாத. நானே நொந்து போயிருக்கேன்.”

ரெனிட்டாவும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு தன் காதிலேயே விழுந்தபோது கூசியது.

அதற்குள் ஃபரீதா குழுவுக்கு எழுதிவிட்டாள்: தவறு என்னுடையது, மன்னியுங்கள். கருவியின் பொறுப்பாளர் உடனே பதில் போட்டார். ரெனிட்டா இவ்வளவு கவனமாகப் பார்த்தும் இது நழுவியிருக்கிறது. இனி ஃபரீதா எதை அனுப்பினாலும் ரெனிட்டா பார்த்துச் சரி என்ற பிறகே சேர்ப்போம்.

ரெனிட்டா அதைப் படித்துவிட்டுத் திரையை மூடினாள். பட்டியலை எடுக்கச் சொன்ன அவளுடைய கடைசி வரியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திருடியவளிடமே வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டார்கள். பெங்களூர்க்காரர்கள் தேடிப் பார்த்தால் ஃபரீதாவின் பெயருக்குக் கீழே இதுதான் கிடைக்கும்.

சற்று நேரம் கழித்து மறுபடி திறந்து எழுதத் தொடங்கினாள். தவறு ஃபரீதாவுடையதல்ல, அந்தப் பட்டியலை எடுக்கச் சொன்னது நான். அதற்கு மேல் ஓடவில்லை. ஏன் எடுக்கச் சொன்னாய் என்று கேட்பார்களே. அவசரத்தில் என்று எழுதலாமா, வேலைப்பளு என்று எழுதலாமா என்று மனம் கடைகடையாக ஏறி இறங்கியது. குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போதும் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொள்ளத் தேடும் தன் மனதைப் பார்க்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அதோடு, அந்தப் பட்டியல் எதற்காக இருந்தது என்று இன்னமும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

நாற்காலியை இழுத்துக்கொண்டு ஃபரீதா பக்கத்தில் போனாள்.

“அந்த லிஸ்ட்டு வேணும்னு உனக்குத் தெரியும் இல்ல?”

ஃபரீதா கீபோர்டைப் பார்த்தாள். “தெரியும்கா.”

“அப்புறம் ஏன்டி எடுத்த?”

“நீங்க எடுக்கச் சொன்னீங்க.”

“வேணும்னு சொல்ல வேண்டியதுதானே?”

“குரூப்ல அத்தனை பேர் பாக்கறாங்க. அக்காவுக்குப் புரியலன்னு அங்க எப்படிக்கா எழுதறது? நேர்ல சொன்னா மூஞ்ச தூக்கி வெச்சுப்பீங்க.” சொல்லிவிட்டுத் துப்பட்டாவைச் சரிசெய்தாள். “அப்புறமா தனியா அனுப்பிச் சேத்துக்கலாம்னு விட்டேன். அதுக்குள்ள ரிலீஸ் பண்ணிட்டாங்க.”

ரெனிட்டாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. யாருக்கும் தெரியாது என்று இத்தனை நாள் பொத்தி வைத்திருந்ததை, பக்கத்தில் இருந்தவள் முதல் நாளே பார்த்திருக்கிறாள். பார்த்ததோடு இல்லாமல், அது வெளியே தெரியாமல் இருக்கத் தன் வேலையையே வெட்டிக்கொண்டிருக்கிறாள்.

“அது இன்னா பண்ணுதுன்னு சொல்லு.”

ஃபரீதா நவீன்குமார் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“சத்தமாவே சொல்லு, பரவால்ல.”

ஒரு தாளில் இரண்டு வட்டம் போட்டு, நடுவில் கோடுகள் இழுத்து ஃபரீதா சொன்னாள். ரெனிட்டா பழக்கதோஷத்தில் தலையாட்டினாள். பிறகு ஆட்டுவதை நிறுத்தினாள்.

“புரியல. இன்னொரு வாட்டி.”

ஃபரீதா மறுபடி சொன்னாள். வந்த வழியை எல்லாம் அந்தப் பட்டியல் நினைவில் வைத்துக்கொள்கிறது. அதனால், போன இடத்துக்கே திரும்ப வந்தால் சோதனை சுற்றாமல் அங்கேயே நின்றுகொள்ளும். அவ்வளவுதான். இரண்டு நிமிஷத்து விஷயம்.

ரெனிட்டா தன் மேசைக்குத் திரும்பி மடலை எழுதி முடித்தாள். ஃபரீதா பின்னால் வந்து நின்று படித்தாள்.

“அக்கா, ‘எனக்குப் புரியவில்லை’ன்னு வேணாம். ‘கவனிக்கல’ன்னு போடுங்க. அது போதும்.”

அவ்வளவு நேரமாகத் தேடிக்கொண்டிருந்த வார்த்தை அதுதான். மரியாதையாக, யாரையும் நோகடிக்காமல், அழகாகப் பொருந்தியது. ரெனிட்டாவின் விரல் அழிக்கும் கட்டை மேல் போய் நின்றது.

“புரியலதானே,” என்றாள், ஃபரீதாவுக்கா தனக்கா என்று தெரியாமல்.

நவீன்குமார் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பக்கம் திரும்ப அவளுக்குத் தைரியம் வரவில்லை. திரையை மட்டும் பார்த்தபடி, ஒரு எழுத்தும் மாற்றாமல் அனுப்பினாள்.