திரைக்குப் பின்னால் யாரும் இல்லை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும் என்று வீட்டில் சொல்வார்கள். இருக்கட்டும். ஆனால் அன்றைக்கு என் அண்ணன் மிஹ்லார் காக்கா சொன்னதைக் கேட்டிருந்தால் யாருக்கும் கோபம் வந்திருக்கும்.

எங்கள் சின்னம்மா, சபியா சாச்சியின் மகள் றிப்னாவுக்குக் கல்யாணம். அதற்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. கல்முனையில் மண்டபம் எடுத்திருந்தார்கள். பகல் விருந்து, ஆண்களுக்குக் கீழ்மாடி, பெண்களுக்கு மேல்மாடி. மேல்மாடியில் நாங்கள் மூன்று பேர் பாடி வாசிப்பதாக ஏற்பாடு. நான் மின்கிட்டார். என்னோடு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற காரைதீவு சுஜித்தா பாட்டோடு மரக்கிட்டாரும். பக்கத்து வீட்டு றுகையா றபான், கையால் தட்டுகிற தட்டை மேளம். எங்கள் வீட்டு அறைக்குள் நாங்கள் பழகிக்கொண்டிருந்தபோது காக்கா கதவுக்கு வெளியே நின்று முழுவதையும் கேட்டிருக்கிறார். மற்றவர்கள் போன பிறகு குசினிக்குள் வந்து தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு புள்ள. ஆனா அடி இல்ல. பேஸ் இல்லாத பாட்டு உப்பில்லாத சோறு."

மிஹ்லார் காக்கா ஓர் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறவர். நாலு தடித்த கம்பி போட்டது. காதுக்கு வருவதை விட நெஞ்சுக்குள்ளே அதிகமாக இறங்குகிற கனத்த சத்தம் அதற்கு. அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"அப்ப உங்கட பேஸை ஒரு நாளைக்குத் தாங்களன், நான் வாசிக்கிறன்" என்றேன்.

"பேஸ் தனியா வராது. நான் வந்தாத்தான் அதுவும் வரும்."

"பெண்டுகள்ட பக்கம் நீங்க எப்பிடி வாற?"

"திரை ஒண்டக் கட்டுங்க. நான் அதுக்குப் பின்னால கதிரையப் போட்டு இருந்து வாசிக்கிறன். நானும் ஆரையும் பாக்க மாட்டன், என்னையும் ஆரும் பாக்க மாட்டாங்க. முடிஞ்சுது பிரச்சினை."

அடேயப்பா! ஒரு கல்யாணத்தையே தன் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நடக்கிற மாதிரி ஒரு சிரிப்பு அவருக்கு. சபியா சாச்சிக்கு இந்த யோசனை மிகவும் பிடித்துவிட்டது. மண்டபக்காரரிடம் பச்சைத் திரை ஒன்றுக்கும் சொல்லிவிட்டார்.

எனக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம் என்று சொல்கிறேன். நான் ஆறு வருஷமாகக் கிட்டார் வாசிக்கிறேன். போனைத் தலையணையில் சாய்த்து வைத்து, பார்த்துப் பார்த்து, விரல் நுனி தோல் உரிந்து பழகியது. காக்கா எனக்கு ஒரு கம்பி முறுக்கக்கூடக் காட்டித் தந்ததில்லை. ஆனாலும் யார் கேட்டாலும் உடனே வருகிற பேச்சு ஒன்றுதான்: "மிஹ்லார்ட தங்கச்சிதானே, அவன் பழக்கியிருப்பான்." இப்போது அவர் திரைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் கல்முனை முழுக்க என்ன சொல்லும்? மிஹ்லார் வாசித்தான், பெண்டுகள் கூடப் பாடினார்கள், அவ்வளவுதான். வாசிப்பது நான், பேர் அவருக்கு.

சாச்சியிடம் போய்ச் சண்டை பிடித்தேன். கடைசியில் அவர் ஒரு வழி சொன்னார்.

"சரி புள்ள, முதல் பாட்ட நீங்களே வாசிங்க. நல்லா வந்தா அல்ஹம்துலில்லாஹ். பிழைச்சா அந்த நேரமே திரையக் கட்டுவன், மிஹ்லாரக் கூப்பிடுவன். என்ட மகள்ட கலியாணத்தில சிரிப்புக்கு இடம் வைக்கேலா."

ஒரே ஒரு பாட்டு. அதற்குள் எனக்கு எங்கிருந்தாவது பேஸ் வேண்டும்.

வழி சொன்னது சுஜித்தா. "கிட்டார்ட சத்தத்த ஒரு ஸ்தாயி கீழ இறக்கித் தாற பெடல் இருக்குத்தானே, ஒக்டேவ் பெடல். எங்கட ஊர் மூர்த்தி அண்ணண்ட கடையில ரெண்டு கிடக்கு. வா, போய்ப் பாப்பம்."

காரைதீவு புண்ணியமூர்த்தி அம்ப்ளிபயர், ஸ்பீக்கர் திருத்துகிறவர். பழைய இசைச் சாமான்களும் விற்பார். இரண்டு பெட்டிகளை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று வெள்ளை, புதியது, டிஜிட்டல். மற்றது மண்ணிறம், பழையது, மூலையெல்லாம் வண்ணம் உரிந்தது. கிட்டாரை மாட்டிப் பார்த்தேன். வெள்ளையில் ஆறு கம்பியையும் ஒன்றாக அடித்தாலும் அத்தனையையும் கீழே இறக்கித் தந்தது. மண்ணிறத்தில் ஒரு கம்பியை அடித்தால் சரி. இரண்டை ஒன்றாக அடித்தால் யாரோ தொண்டையில் தண்ணீர் வைத்துக் கொப்புளிப்பது போலக் கர்ர், குர்ர் என்றது.

"அது பழசு தங்கச்சி, ஒரு சுரத்துக்கு மேல அதுக்கு விளங்காது. வெள்ளைய எடுங்க, கண்ண மூடிக்கிட்டு எடுங்க" என்றார் அவர்.

நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தேன். அடுத்த நாளே கண் திறந்தது.

என் கை பழக்கப்பட்ட கை, ஆறு கம்பியையும் சேர்த்து வாரி அடிக்கிற கை. ஒவ்வொரு கம்பிக்கும் கீழே ஒரு கனத்த சத்தம் என்றால் என்ன ஆகும்? எல்லாம் கலந்து களியாகிவிட்டது. சுஜித்தாவின் பாட்டு அதற்குள் மூழ்கியே போய்விட்டது. போதாததற்கு அந்தப் பெட்டி ஒவ்வொரு முறையும் ஓர் இம்மி பிந்தி வந்தது. றுகையா றபானை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

"என்னகா இது? நான் வந்து சேந்து தேத்தண்ணியும் குடிச்ச பொறகுதான் நீ வாறாய்."

அன்று பின்னேரம் காக்கா தன் அறைக்குள் பேஸ் பழகிக்கொண்டிருந்தார். டும், டும், டுடும். எரிச்சலோடு கேட்டுக்கொண்டிருந்தவளுக்குச் சட்டென்று ஒன்று பிடிபட்டது. இவர் எப்போதாவது இரண்டு கம்பியைச் சேர்த்து அடிக்கிறாரா? இல்லையே! ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான். பேஸ் என்றாலே அதுதானே! மண்ணிறப் பெட்டியில் ஒரு குறையும் இல்லை. குறை முழுக்க என் கையில்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும் காரைதீவுக்குப் போய் வெள்ளையைக் கொடுத்துவிட்டு மண்ணிறத்தைக் கேட்டேன். புண்ணியமூர்த்தி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"டீச்சர், நல்லாத்தான் யோசிச்சீங்களா? அதுக்கு ஒண்டுக்கு மேல ஏலாது."

"எனக்கு ஒண்டே போதும் அண்ண."

பிறகு இருந்த நாளெல்லாம் கையைத் திருத்துவதிலேயே போனது. ஒரு நேரத்தில் ஒரு கம்பி. அடிக்காத கம்பிகளை உள்ளங்கையால் அமத்திப் பிடிக்க வேண்டும். கிட்டார்க் கழுத்தின் தலைப்பக்கம் வாசித்தால் பெட்டி தடுமாறியது. ஐந்தாவது கட்டத்துக்கு மேலே போனால் தெளிவாகப் பிடித்தது. டோன் திருகியை முழுக்கக் குறைத்தேன். கிட்டாரின் சொந்தச் சத்தத்தைப் பெட்டியிலேயே மூடிவிட்டுக் கீழ்ச் சத்தத்தை மட்டும் வெளியே விட்டேன். காலால் ஒரு மிதி மிதித்தால் பேஸ், மறுபடி மிதித்தால் பழையபடி கிட்டார். முதல் மூன்று நாளும் கொப்புளிப்புத்தான். நாலாம் நாள் ஒரு சுரம் விழுந்தது பாருங்கள், உம்மாவின் கண்ணாடி அலுமாரிக்குள் கோப்பைகள் கிணுகிணுத்தன. உம்மா குசினிக்குள் இருந்து கத்தினார்.

"ஆருகா வாசல்ல லொறியக் கொண்டு வந்து நிப்பாட்டின?"

எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன்.

கல்யாண நாள் வந்தது. ஸ்பீக்கர்காரர்கள் காலையிலேயே வந்து எல்லாம் பொருத்தித் தந்துவிட்டுப் பெண்கள் வருமுன் இறங்கிப் போய்விட்டார்கள். படிக்கட்டின் மேல்முனையில் சபியா சாச்சி காவல். ஓர் ஆண் எறும்பும் மேலே ஏற முடியாது. அபாயாக்களும் சால்வைகளும் கழன்றன. அறை முழுக்கப் பட்டும் பூவும் சிரிப்பும். எங்களுக்கு எதிரே, சாச்சியின் பக்கத்தில், ஒரு கதிரையில் பச்சைத் திரை மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதைப் பார்க்காமல் இருக்கவே முயன்றேன்.

முதல் பாட்டு, நாங்களே கட்டிய கல்யாணப் பாட்டு. றுகையா றபானில் நாலு தட்டுத் தட்டினாள். பெடலை மிதித்து முதல் சுரத்தை அடித்தேன்.

கர்ர், குர்ர்.

இரண்டாவதும் அதே. மூன்றாவது அதை விட மோசம். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சுஜித்தா பாடிக்கொண்டே என்னைப் பார்த்தாள். சாச்சியின் கை திரைக்குப் போனது. யா அல்லாஹ், பதினெட்டு நாள் பாடுபட்டது இதற்கா?

கையை உயர்த்திப் பாட்டை நிறுத்தினேன். கிட்டாரைக் குனிந்து பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது: நான் தொடாத கம்பிகளும் நடுங்கிக்கொண்டிருந்தன. வீட்டில் இருந்தது சின்ன ஸ்பீக்கர். இங்கே ஆள் உயரத்தில் இரண்டு. அந்தச் சத்தமே வந்து என் கம்பிகளை உலுப்புகிறது. பெட்டிக்கு ஒன்றுக்குப் பதிலாக மூன்று நாலு கேட்கிறது. அது பாவம், என்ன செய்யும்!

கம்பிகளைக் கட்ட ஒரு துண்டு வேண்டும். நழுவவும் கூடாது, இறுகவும் கூடாது. கை தானாகத் தலைக்குப் போனது. கொண்டையில் போட்டிருந்த கறுப்புத் துணிப் பட்டியைப் பிடுங்கினேன். கிட்டாரின் கழுத்து முனையில் இரண்டு சுற்றாக மாட்டினேன். முடி அவிழ்ந்து தோளெல்லாம் விழுந்தது. திரைக்குப் பின்னால் காக்கா இருந்திருந்தால் எல்லாரையும் போல என் தலையிலும் சால்வை இருந்திருக்கும். அந்தப் பட்டி அதற்குள் கிடந்திருக்கும். பெண்கள் மட்டும் இருந்த அறை என்பதால்தான் அது கைக்கு வந்தது.

ஒரு சுரம் அடித்தேன். டும். தரை வரைக்கும் இறங்கியது. மற்றக் கம்பிகள் வாயே திறக்கவில்லை.

"றுகையா, அடி!" என்றேன். கத்தியே விட்டேன் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நானே சொன்னால் பெருமை அடிக்கிறேன் என்பீர்கள். சொல்லத்தான் போகிறேன். றபானின் அடியும் என் அடியும் ஒன்றாய் விழுந்தன. மேசையில் இருந்த வட்டிலாப்பக் கிண்ணங்கள் தாளத்துக்கு ஆடின. சுஜித்தாவின் குரலுக்குக் கீழே ஒரு பலகை போட்டது மாதிரி, அவள் அதில் ஏறி நின்று பாடினாள். நடுவில் பெடலை மிதித்துக் கிட்டாரைத் திரும்ப எடுத்து ஒரு சுற்று வாசித்து, மறுபடி மிதித்துக் கீழே இறங்கியபோது பெண்கள் போட்ட குரவையில் எனக்கு மயிர் கூச்செறிந்தது. கல்யாணப் பெண் றிப்னா மேடையை விட்டு இறங்கி வந்து தாளம் போட்டாள். சாச்சி திரையை எடுத்துத் தரையில் விரித்து, காலுளைவுக்காரப் பெண்களை அதில் உட்கார்த்தினார். அதைப் பார்த்ததும் என் கண் நிறைந்துவிட்டது.

மூன்றாம் பாட்டு முடிந்தபோதுதான் படிக்கட்டில் சத்தம் கேட்டது. மேல்மாடியிலிருந்து பாட்டும் றபானும் கீழே போகவில்லை. சீமெந்துத் தரையைத் தாண்டிப் போனது பேஸ் மட்டும்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆண்களுக்குத் தலைக்கு மேலே டும் டும் என்று கேட்டிருக்கிறது. மாப்பிள்ளையின் பெரிய வாப்பா அச்சிமுகம்மது ஹாஜியார் பலர் சேர்ந்து சாப்பிடுகிற சஹன் தட்டில் இருந்து எச்சில் கையோடு எழும்பிப் படியடிக்கு வந்துவிட்டார்.

"சபியா உம்மா! மேல ஆரு? பெண்டுகளுக்குள்ள ஒரு ஆம்பிளைய ஏத்தி வச்சிருக்கீங்களா?"

"ஒரு ஆம்பிளையும் இல்ல ஹாஜியார். நான் நிக்கேக்குள்ள ஆரு ஏறுவான்?"

"அப்ப பேஸ் அடிக்கிற ஆரு? எங்களுக்குக் காது இல்லையா? இது அந்த மிஹ்லார்ட வேலைதான்!"

தலையில் சால்வையைப் போட்டுக்கொண்டு சாச்சியின் முதுகுக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். ஹாஜியாருக்குப் பின்னால், கை நிறையச் சோறோடு, வாயைத் திறந்தபடி மிஹ்லார் காக்கா நின்றார்.

"ஹாஜியார், நான் இஞ்ச நிக்கிறன்" என்றார் மெதுவாக.

ஹாஜியார் திரும்பிப் பார்த்தார். மறுபடி மேலே பார்த்தார். "அப்ப மேல ஆரு?"

எனக்குள்ளே சிரிப்புப் பொங்கியது. ஓடிப் போய்ப் பெடலை மிதித்து, நாலு சுரம் ஒவ்வொன்றாக அடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். காக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருக்க வேண்டும். நான் வந்தபோது மெல்லத் திறந்தார். படியடியில் மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். அத்தனை பேருக்கும் கேட்கத்தக்கதாக அவர் சொன்னார்.

"அது பேஸ் இல்ல ஹாஜியார், கிட்டார். வாசிக்கிற என்ட தங்கச்சி நஸீறா. நான் பழக்கல்ல, வல்லாஹி, சத்தியமா. எனக்கே அது எப்பிடி எண்டு தெரியா."

ஹாஜியார் இன்னும் நம்பாமல் நின்றார். அப்போது அவருடைய மனைவியே சாச்சியின் தோளுக்கு மேலால் குனிந்து சொன்னார்: "நீங்க போய்ச் சாப்பிடுங்க. இஞ்ச ஆம்பிளை ஒண்டும் தேவைப்படல்ல."

கீழே ஒரே சிரிப்பு. ஹாஜியாரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார். காக்கா மட்டும் போகவில்லை. இரண்டு படி ஏறி, சாச்சியின் முகத்தைப் பார்த்து அங்கேயே நின்றுகொண்டார்.

"நஸீறா, அது பெடல்தானே? நாளைக்கு எங்கட குழுவுக்கு ஒரு வாசிப்பு இருக்கு. அந்தப் பெட்டிய ஒரு நாளைக்குத் தாவன்."

பதினெட்டு நாள் காத்திருந்து கிடைத்த நேரம். நான் அவசரப்படவே இல்லை.

"பெட்டி தனியா வராது காக்கா" என்றேன். "நான் வந்தாத்தான் அதுவும் வரும்."

உள்ளே பெண்கள் அடுத்த பாட்டுக்குக் கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். நான் சால்வையைக் கழற்றிக்கொண்டு போனேன்.