பன்னிரண்டு மாதமும் கூட இருந்தாளா?

மார்ச் மாதம் முழுக்க எங்கள் ஊர் நூலகத்தின் கீழ்த்தளத்தில்தான் இருப்பேன். வயதானவர்களுக்கு வருமான வரிப் படிவத்தை இலவசமாக நிரப்பிக் கொடுக்கிற வேலை. புண்ணியத்துக்கு என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். வீட்டில் பேச ஆளில்லை, அதுதான் விஷயம். மினசோட்டாவின் இந்த வடக்கு மூலையில் மார்ச்சிலும் முழங்கால் அளவு பனி கிடக்கும், யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை.

ஆர்வோ கெட்டுனென் அன்றைக்குத் தனியாக வந்தான். என்னோடு பள்ளியில் படித்தவன், பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன்.

"என்னய்யா, அறுபத்தெட்டு ஆகுது, இன்னும் அந்த வண்டிய விடலியா?"

"நான் விட்டா உன் தெருவ யாரு தள்ளுவா மார்லிஸ்? ஏப்ரல் வரைக்கும் உள்ளயே கெடப்ப."

"கெடந்தா ஊருக்கு நிம்மதி. உக்காரு."

வழக்கமாக லவோனும் வருவாள். பதினான்கு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்தால் இவன் வருமானத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்ப்பார்கள், அவளுடைய மருந்துக்கு வரும் அரசு உதவி நின்றுவிடும். அவளுக்கென்று வருமானம் கிடையாது, எல்லாம் இவன் செலவுதான். அதனால் வரிச் சலுகைக்காக ஒவ்வொரு வருடமும் இவனுடைய படிவத்தில், இவனைச் சார்ந்திருப்பவள் என்று அவள் பெயரை எழுதுவோம். பக்கத்தில் உறவு என்று ஒரு கட்டம். அதில் 'இல்லை' என்று போட வேண்டும். முதல் வருடம் அதைப் பார்த்து ஆர்வோ கத்தியே விட்டான்: "ஒரே கட்டில்ல படுக்குறோம், உறவு இல்லையாமா?" லவோன் அசரவில்லை. "உன் குறட்டையோட எனக்கு ஒரு உறவும் இல்ல, சரியாத்தான் போட்டிருக்காங்க" என்றாள். நூலகமே சிரித்தது. அவர்கள் இரண்டு பேர் பெயரும் சேர்ந்து இருந்த காகிதம் அது ஒன்றுதான்.

உறவில்லாதவர் பெயரைப் போட, அவர் வருடம் முழுக்கக் கூட இருந்திருக்க வேண்டும், அதனால் இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்டேன்.

"போன வருஷம் பன்னெண்டு மாசமும் அவ உன் வீட்டுல இருந்தாளா?"

"இருந்தா." மேசையைப் பார்த்துச் சொன்னான்.

"செப்டம்பர்ல அவ பஸ் ஏறினத நானே பாத்தேன், ஆர்வோ."

"அது மூச்சு வாங்குதுன்னு அரிசோனாவுக்கு, அக்கா வீட்டுக்கு. அங்க காத்து காஞ்சிருக்கும்ல."

எனக்கு உயிர் வந்தது. உடம்பு சரியில்லாமல் போய், குணமானதும் வீடு திரும்பப் போகிறவர் என்றால், வீட்டிலேயே இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

"அப்போ ஒரே கேள்விதான். திரும்பி வருவாளா? ஆமான்னு சொல்லு, போட்டுடறேன். யாரும் தோண்டிக் கேக்க மாட்டாங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அவள் பெயரை என் கையால் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வீட்டுப் படிவத்திலிருந்தும் என் கணவர் பெயரை இப்படித்தான் ஒரு மார்ச்சில் எடுத்தேன்.

ஆர்வோ கையுறையைக் கழற்றினான், திரும்பப் போட்டுக்கொண்டான்.

"நவம்பர்ல அவ நாய அனுப்பச் சொன்னா" என்றான்.

"அனுப்பினியா?"

"விமானத்துல பயந்துக்கும். நானே வண்டியில கூட்டிட்டுப் போனேன். மூணு நாள்."

"லவோன் எப்படி இருந்தா?"

"நல்லா இருக்கா. படியெல்லாம் ஏறுறா, மூச்சே வாங்கல. காப்பி குடுத்தா. குடிச்சு முடிக்கிறதுக்குள்ள, எப்போ கெளம்புறன்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"இப்பவேன்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல?"

எனக்கு லவோன் மீது கோபம் பொங்கியது. அவள் செய்தது தப்பு என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. அதனால் கோபம் இன்னும் கூடியது.

"ஆர்வோ, நீ ஆமான்னா நான் ஆமான்னுதான் போடுவேன்."

அவன் என் கணினித் திரைப் பக்கம் குனிந்தான். அவள் பெயர் அதில் இருந்தது.

"வேணாம். வர மாட்டா" என்றான். "வருவான்னு எழுதினா, நான் உக்காந்து எதிர்பாக்க ஆரம்பிச்சுடுவேன்."

பெயரை எடுத்தேன். அந்தக் கட்டங்கள் காலியாயின. படிவம் ஒரு பக்கம் குறைந்து அச்சாகி வந்தது. கையெழுத்துப் போட்டான், தொப்பியை மாட்டினான், கதவு வரை போய் நின்றான்.

"போன மார்ச்சுல குடுத்தமே, அதையும் மாத்திடுவாங்களா?"

"இல்லய்யா. அந்த வருஷம் முழுக்க அவ உங்கூடத்தானே இருந்தா."

"இருந்தாள்ல?" என்றான். "நீ பாத்திருக்கல்ல, மார்லிஸ்?"

"பாத்திருக்கேன்" என்றேன்.