கீழ்ப்பிடிக்காரர்

வலியின் அளவு எவ்வளவு என்று டாக்டரம்மா கேட்டார். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்ல வேண்டும். பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் உயிர் போகிற வலி. என் மச்சான் மேசைமேல் இருந்த பேனா டப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ரெண்டு" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று காலையில் குனிய முடியாமல் அவர் நின்றபோது, என் அக்காதான் செருப்பின் வாரை மாட்டிவிட்டாள். வெளியே முக்கால் மணி நேரம் நாற்காலி காலியாக இருந்தும் உட்காராமல், சுவரில் சாய்ந்து ஒற்றைக்காலில் நின்ற மனுஷர். அவருக்கு ரெண்டாம்!

"பொய் சொல்றார் டாக்டர்" என்றேன்.

"நீங்க யாரு?"

"இவர் மனைவியோட தம்பி. கூட வேலை பார்க்கிறவன்."

"வலி உங்களுக்கா, அவருக்கா?"

சிரிக்காமல்தான் கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது லேசான காரியம் இல்லை. வாய்தான் என் தொழிலில் பாதி.

நாங்கள் வீட்டுச் சாமான் மாற்றிக்கொடுக்கிறவர்கள். பீரோ, கட்டில், ஃப்ரிட்ஜ் எதுவானாலும் மாடிப்படியில் ஏற்ற ரெண்டு பேர் வேண்டும். மேல்பிடிக்காரன் பின்பக்கமாக நடந்து ஏறுவான். "ஒரு படி, இன்னொரு படி, இடது பக்கம் சுவர், மெதுவா" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பது அவன் பொறுப்பு. கனமெல்லாம் இறங்குவது கீழ்ப்பிடிக்காரன் மேல். அவன் மட்டும் படியில் வைத்துக் "கனம்" என்ற சொல்லை வாயில் எடுக்கவே கூடாது. எடுத்தால் மேலே இருப்பவனுக்குக் கை நடுங்கும், கை நடுங்கினால் ரெண்டு பேர் கதையும் முடிந்தது. அதனால் மேலே இருந்து "எப்படி?" என்று கேட்டால் கீழே இருந்து வருகிற பதில் ஒன்றே ஒன்றுதான்: "லேசுதான்." எங்கள் தொழிலில் எல்லாரும் இப்படித்தான். பத்தொன்பது வருஷமாக நான் மேலே, மச்சான் கீழே.

டாக்டரம்மா அவரைப் படுக்கவைத்து, காலை நீட்டியபடியே உயரத் தூக்கிப் பார்த்தார். மச்சான் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. கல்லுளிமங்கன். கட்டிலின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போனது நான் நின்ற பக்கத்திலிருந்து மட்டும்தான் தெரிந்தது.

"இடுப்பு எலும்புக்கு நடுவுல இருக்கிற தட்டு பிதுங்கி, காலுக்குப் போற நரம்பை அழுத்துது. ஸ்கேன்ல நல்லாவே தெரியுது" என்றார் டாக்டரம்மா. "ஆனா நான் ஸ்கேனுக்கு வைத்தியம் பார்க்கிறதில்ல, ஆளுக்குத்தான் பார்க்கிறேன். ஸ்டீராய்டு ஊசியை முதுகெலும்புக்குள்ள, நரம்புக்கு ஒட்டினாப்பல போடணும். அதுல ஆபத்து கொஞ்சம்தான், ஆனா இருக்கு. ரெண்டு அளவு வலிக்காக அதைப் போட மாட்டேன்."

மாத்திரை எழுதினார். உடற்பயிற்சிப் படம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார். ஒன்றரை மாசம் கழித்து வரச் சொன்னார். "நடுவுல வலி கூடினாலோ, பாதம் மரத்துப்போனாலோ, தூக்க முடியலைன்னாலோ உடனே வந்துடுங்க. நரம்பு ரொம்ப நாள் நசுங்கிக் கிடந்தா அப்புறம் ஆபரேஷன் பண்ணினாலும் பழைய பலம் திரும்பும்னு சொல்ல முடியாது. இப்ப கால்ல பலம் இருக்கு. இருக்கும்போதே காப்பாத்திக்கணும்."

மச்சான் தலையை ஆட்டினார்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீங்களே மச்சான்! ஊசின்னா அவ்வளவு பயமா?"

"பயமெல்லாம் இல்ல மாப்ளே."

"பின்னே?"

"அவங்க கேட்டாங்க. வாயில அதுதான் வந்துச்சு."

"வாயில வந்துச்சா? கால் போச்சுன்னா அப்புறம் என்ன வரும் வாயில?"

அவர் வண்டியின் கதவைப் பிடித்து, வலது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தார்.

மறுநாள் ஒரு டீச்சர் வீட்டுக்கு மூன்று கதவு மர பீரோவை மூன்றாவது மாடிக்கு ஏற்ற வேண்டும். "வேற ஆளை அனுப்பறேன், நீங்க வீட்டுல படுங்க" என்று மன்றாடினேன். வாக்குக் கொடுத்தாகிவிட்டது என்றார். அக்கா சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில், "அப்ப நான் கீழ்ப்பிடி, நீங்க மேல்பிடி. இல்லைன்னா வண்டிச் சாவியைச் சாக்கடையில போட்டுடுவேன்" என்றேன். சரி என்றார். அதுதான் நான் செய்த முட்டாள்தனம். மேலே கனம் கம்மி என்பதை மட்டும் நினைத்தேன். ஒவ்வொரு படிக்கும் இடுப்பை வளைத்துப் பின்பக்கமாக ஏற வேண்டியது மேல்பிடிக்காரன் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. பத்தொன்பது வருஷம் மேல்பிடி பிடித்தவனுக்கே!

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். முதல் மாடி ஏறுவதற்குள் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பீரோவைத் தாங்க மாட்டியிருந்த வார் தோளில் அழுந்தி இறங்கியது. மேலே மச்சானுக்கோ பேசத் தெரியவில்லை. "ம்... படி" என்பார், அப்புறம் நாலு படிக்குச் சத்தமே இருக்காது.

ரெண்டாவது மாடி திருப்பத்தில் அவர் "ஹ" என்று ஒரு சத்தம் போட்டார். வலது கால் மடிந்து, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பீரோ முழுசாக என் நெஞ்சுமேல் சரிந்தது. நான் ஒரு படி கீழே போனேன். கைப்பிடிக் கம்பி முதுகில் இடித்து நிறுத்தியது. மூச்சு விட முடியவில்லை.

"மாப்ளே!" மச்சான் அலறினார். "கனமா இருக்கா?"

"லேசுதான்" என்றேன்.

சத்தியமாக நான் அதைச் சொல்ல நினைக்கவில்லை. செத்தேன், பிடியுங்கள் என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். வந்தது அதுதான்.

அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே இடது காலை நீட்டி, பீரோவைச் சுவர்ப்பக்கம் தள்ளினார். நான் தோளைக் கொடுத்தேன். அது சுவரில் கரகரவென்று உரசி, படிக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டி நின்றது. மேலேயிருந்து எட்டிப் பார்த்த டீச்சர், "ஐயோ, சுவரு! புதுப் பெயிண்ட்டு!" என்றார். ரெண்டு மனுஷர்கள் நசுங்கிக் கிடக்கிறோம், அந்தம்மாவுக்குப் பெயிண்ட்.

ஊர்ந்து மேலே போய் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் முகமெல்லாம் வேர்வை.

"பொய்தானே சொன்னே?" என்றார்.

"ஆமா."

"உனக்கு ஏதாவது ஆகியிருந்தா உங்க அக்கா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"உங்களுக்கு ஏதாவது ஆனா நான் எப்படி முழிக்கிறதாம்?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே, "ஒம்போது" என்றார். ஏதோ திருட்டை ஒப்புக்கொள்கிற குரல். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. வேறு வண்டி ஆட்களை வரவழைத்து பீரோவை மேலே அனுப்பினேன். மச்சானை நேரே டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். அங்கே அந்த எண்ணை அவரே சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை.

பாதத்தை அழுத்தச் சொல்லி, தூக்கச் சொல்லிப் பார்த்தார் டாக்டரம்மா. பலம் இன்னும் இருந்தது. ரெண்டு நாள் கழித்து ஊசி. சர்க்கரை உண்டா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறாரா என்று நர்ஸ் கேட்டு எழுதிக்கொண்டார். டாக்டரம்மா ஒன்றை மட்டும் மூன்று தரம் சொன்னார்: "குப்புறப் படுக்கவச்சு, எக்ஸ்ரேல பார்த்துக்கிட்டேதான் ஊசியைக் கொண்டுபோவேன். கால்ல சுரீர்னு இழுத்தா அந்த நிமிஷமே சொல்லணும். பொறுத்துக்கிட்டீங்கன்னா ஊசி எங்க இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கதவுக்கு வெளியே நான் நின்ற இருபது நிமிஷம் எனக்குத்தான் தெரியும். இந்த மனுஷர் சொல்வாரா? நரம்பில் குத்தினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாரே என்று நகத்தையெல்லாம் கடித்துத் துப்பினேன். நர்ஸ் வெளியே வந்து, "முடிஞ்சுது. ரெண்டு இடத்துல சொன்னார், டாக்டர் ஊசியை மாத்திக்கிட்டாங்க" என்றபோதுதான் உட்கார்ந்தேன்.

உள்ளே மச்சான் மல்லாந்து படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் சிரிக்கப் போனார், சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது.

"மாப்ளே, காலு சும்மா இருக்கு."

"மரத்துப்போச்சா?"

"இல்ல. சும்மா இருக்கு. வலிக்காத காலு இப்படித்தான் இருக்கும்ங்கிறதே மறந்துபோச்சு எனக்கு."

"எத்தனை நாளா வலி?"

"நாலு வருஷம் இருக்கும்."

நாலு வருஷம். மேல்பிடிக்காரனுக்குப் படியில் பார்க்க வேறு ஒன்றும் கிடையாது. சாய்த்த சாமானுக்கு அந்தப் பக்கம் இருக்கிற முகம் ஒன்றுதான். நாலு வருஷமாக அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசியிருக்கிறேன், ஜோக் அடித்திருக்கிறேன், ஒருநாளும் கண்டுபிடிக்கவில்லை. அவர்மேல் வந்த கோபமெல்லாம் என்மேல் திரும்பியது.

டாக்டரம்மா வந்து எங்கள் சந்தோஷத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார். இப்போது வலி இல்லாதது ஊசியோடு சேர்த்துப் போட்ட மரப்பு மருந்தால். சாயங்காலம் அது தீர்ந்ததும் வலி திரும்பும், ரெண்டு மூன்று நாள் முன்னைவிட அதிகமாகவே இருக்கலாம். ஸ்டீராய்டு மெதுவாகத்தான் வேலை செய்யும், ஒரு வாரம்கூட ஆகலாம். கேட்டால் சில மாசம் கேட்கும், சிலருக்குக் கேட்காமலும் போகும். அந்த இடைவெளியில் உடற்பயிற்சி செய்து இடுப்பைத் தேற்றிக்கொள்ள வேண்டும். பாரம் தூக்குவது கிடையாது.

வீட்டில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தோம். அக்கா காப்பி போட அடுக்களைக்குப் போனாள். நான் கூடத்தில் உட்கார்ந்து, அவருக்குப் பதிலாக யாரைக் கீழ்ப்பிடிக்குச் சேர்ப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வெளியே வெயில் தாழ்ந்திருந்தது.

"ஏய், இங்க வாயேன்" என்று மச்சான் உள்ளேயிருந்து அக்காவைக் கூப்பிட்டார். "வலிக்குது."

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. அக்கா அடுப்பை அணைத்துவிட்டு ஈரக் கையோடு வந்தாள். அறை வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷம். அந்த வார்த்தையை அவர் வாயால் அவள் கேட்பது இதுதான் முதல் தடவை.

"எந்த இடத்துலங்க?" என்றாள்.

அவர் இடுப்பைத் தொட்டார். அங்கிருந்து தொடையின் பின்பக்கம், முழங்கால், கெண்டைக்கால் என்று ஒவ்வொரு இடமாகக் கையை நகர்த்தினார். கணுக்காலுக்குக் கை எட்டவில்லை. அக்கா கட்டிலில் உட்கார்ந்து, அவர் விட்ட இடத்தில் தன் கையை வைத்து, "இங்கயா? இங்கயா?" என்று கேட்டுக்கொண்டே பாதம் வரைக்கும் போனாள். அவர் ஒவ்வொன்றுக்கும் "ஆமா, ஆமா" என்றார்.