இரண்டு டப்பியிலும் பொன்னுத்துரை

1

இந்தக் கதை எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போர்ட் பிளேரில் ஒரு தோல் கிளினிக்கில், பக்கத்து நாற்காலிக்காரர்கள் பேசிக்கொண்டதை ஒட்டுக்கேட்டேன். அவ்வளவுதான். (இது பொய். ஐந்தாம் பகுதியில் திருத்திவிடுகிறேன். அதுவரை நம்புங்கள்.)

தொடக்கத்துக்கு மூன்று முறை முயன்றேன்.

"மூன்று நாளாக விடாத மழையில் துறைமுகம்..." வேண்டாம். அந்தமான் என்றாலே மழையில் ஆரம்பிப்பது சோம்பேறித்தனம். மழை கதைக்குத் தேவைப்படும்போது வரட்டும்.

"தோல் என்பது வெறும் போர்வையல்ல, அது ஒரு..." இதை எழுதியதற்கு என் கையை நானே கிள்ளிக்கொண்டேன்.

"கிளினிக் ஃபிரிஜ்ஜில் இரண்டு சிரிஞ்சுகள் இருந்தன. ஒன்றில் இருப்பது ராசம்மாவின் தோல். எதில் என்று நர்ஸ் சுகுணாவுக்குத் தெரியாது."

இது நிற்கட்டும். பெயர்களெல்லாம் நான் வைத்தவை.

2

சுகுணா காலை எட்டரைக்கு வந்ததிலிருந்து நான்கு முறை ஃபிரிஜ்ஜைத் திறந்து மூடிவிட்டாள். நான்கு முறையும் சிரிஞ்சுகள் வைத்த இடத்திலேயே இருந்தன. இரண்டும் ஒரே அளவு, ஒரே வெளுத்த நிறம். ஒன்றில் 'ராசம்மா', மற்றதில் 'சந்திரமதி' என்று அச்சடித்த லேபிள். லேபிள்கள் நன்றாகத்தான் ஒட்டியிருந்தன. எது யாருடையது என்று சென்னை லேபுக்குச் சொன்னது தான்தான் என்பதுதான் அவளை மறுபடி மறுபடி திறந்து பார்க்கவைத்தது.

அந்தக் கிளினிக்குக்கு டாக்டர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சென்னையிலிருந்து விமானத்தில் வருவார். மூன்று நாள் இருப்பார். இன்று மூன்றாம் நாள். மத்தியானம் அவருக்கு ஃபிளைட். பதினோரு மணிக்கு ராசம்மாவுக்கு ஊசி, பதினொன்றரைக்குச் சந்திரமதிக்கு.

ராசம்மா நிக்கோபார் பக்கம் கேம்பல் பேயிலிருந்து கப்பலில் வந்தவள். நாற்பத்தாறு வயது. நெற்றியில், கட்டைவிரல் உட்கார்கிற அளவு குழி. இரண்டு வருடத்துக்கு முன் அதை நிரப்ப, வேறு யாருடைய தோலிலிருந்தோ செய்த கடைச் சரக்கு ஒன்றை ஊசியாகப் போட்டார்கள். நெற்றி சிவந்து வீங்கி மூன்று மாதம் அடங்கவேயில்லை. இந்த உடம்பு வெளிச்சரக்கை ஏற்காது, இனி இவளுடைய தோலையே எடுத்துத்தான் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.*

"சொந்தத் தோலுன்னா சரிங்க," என்றாள் ராசம்மா. "அடுத்தவங்களது எனக்கு ஏலாது. போன தடவ பட்டதே போதும்."

* அடிவயிற்றிலிருந்து ஒரு விரல் நீளத் தோலை எடுத்துவிட்டுத் தைப்பார்கள். அது குளிர்ப்பெட்டியில் சென்னைக்குப் போகும். லேபில் அதைக் கழுவி, பொடியாக்கி, ஊசிக்குள் நுழைகிற கூழாக்கி, சிரிஞ்சில் அடைத்துத் திருப்பி அனுப்புவார்கள். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். [இந்த இடத்தில் "எழுத்தாளரும் இப்படித்தான் தன் தோலையே உரித்து..." என்றொரு வாக்கியம் வாசலில் வந்து நின்றது. போ வெளியே என்றேன்.]

3

சுகுணா செய்த தப்பை மெயின்லேண்டில் யாரும் செய்திருக்க முடியாது. அதனால் கொஞ்சம் விளக்க வேண்டும்.

இங்கே அவசரப் பொருள் எதையும் நாங்கள் போகிற ஆள் கையில்தான் கொடுத்துவிடுவோம். ஏர்போர்ட் வாசலில் நின்று, தெரிந்த முகம் ஒன்றைப் பிடித்து, பெட்டியைத் திணித்துவிடுவோம். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருப்பது அந்தப் பக்கம் எடுக்க வருகிறவரின் பெயரும் போன் நம்பரும். பொருள் யாருடையது என்பதை எழுதும் வழக்கம் கிடையாது. அது கொடுத்தவருக்கும் வாங்குபவருக்கும் தெரியும், நடுவில் சுமப்பவருக்கு எதற்கு?

இரண்டு மாதத்துக்கு முன் ஒரே நாளில் இரண்டு பேருக்கும் தோல் எடுத்தார்கள். சுகுணா இரண்டு தெர்மகோல் பெட்டிகளிலும் லேப் ஆள் பொன்னுத்துரையின் பெயரை எழுதினாள். எழுதிய கை நிற்கவில்லை. உள்ளே இருந்த இரண்டு டப்பிகளிலும் அதே பெயரை எழுதிவிட்டாள். நோயாளிகளின் பெயர் தனியாகப் படிவத்தில் இருந்தது. படிவத்தை மடித்து மூடிக்குக் கீழே செருகினாள். சிறுவயதிலிருந்து நூறு பெட்டி கட்டிய கை அது.

இப்போது மழை வரலாம். அன்று ஃபிளைட் ரத்தானது. பெட்டிகளைக் கொண்டுபோன மீன் வியாபாரி நல்ல மனுஷர். மருந்துச் சாமான் கெட்டுப்போகுமே என்று அவராகவே இரண்டு பெட்டிகளையும் பிரித்து, தன் மீனுக்கு வைத்திருந்த ஐஸை அள்ளி நிறைத்தார். மறுநாள் சென்னையில் இறங்கும்போது ஐஸ் உருகி, படிவங்கள் கூழாகியிருந்தன. தோல் இரண்டும் டப்பிக்குள் பத்திரமாக இருந்தன.

பொன்னுத்துரை போன் செய்தார்.

"சிஸ்டர், பேப்பர்ல ஒரு எழுத்தும் தெரியலையே. டப்பி ரெண்டுலயும் எம்பேர எழுதி வச்சிருக்கீங்க. எது யாரோடதும்மா?"

கிளினிக்கில் கூட்டம். சுகுணா ஒரு கையில் பஞ்சும் மறு கையில் போனுமாக நின்றாள்.

"ரெண்டுல எது பெருசுண்ணே?"

"ஒண்ணு கொஞ்சம் நீளமாத்தான் இருக்கு."

"அதுதான் ராசம்மா."

"பக்காவா?"

"பக்கா."

அவளுக்கு அப்படித்தான் ஞாபகம். முந்தாநாள் ராசம்மாவின் தையல் தழும்பைப் பார்க்கும்வரை அப்படித்தான் இருந்தது. தழும்பு அவ்வளவு நீளமாக இல்லை, சந்திரமதியுடையதும் ஏறக்குறைய அதே நீளம்தான்.

4

எனக்கு இந்தக் கதையில் பிடிபடாத ஆள் சந்திரமதி.

காண்ட்ராக்டர் மனைவி, ஐம்பது வயது, வாயின் இரு பக்கமும் விழுந்த கோடுகளை நிரப்ப வந்தவள். முதலில் அவளுக்கு ஒரு டஜன் வளையல் போட்டேன், கழற்றினேன். ஒரு நாய் கொடுத்தேன், பிடுங்கிக்கொண்டேன். அவளைக் கொஞ்சம் மினுக்கிக்கொள்கிறவளாகக் காட்டினால் வாசகர்கள் சிரிப்பார்கள் என்று எழுதிப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. இரண்டாவது சிரிஞ்சுக்கு ஒரு பெயர் வேண்டும் என்பதற்காக மட்டும் ஒருத்தியை வைத்திருப்பது அநியாயம்.

அவள் செய்த ஒரே காரியம் இது. சுகுணாவும் அவளும் புரோத்ராபூரில் அடுத்தடுத்த வீடு. இன்று காலை ஏழு மணிக்குச் சுகுணா அவளுடைய சமையலறைக்குள் வந்து நின்றாள். கல்லில் தோசை வெந்துகொண்டிருந்தது.

"அக்கா, இன்னிக்கு நீங்க கிளினிக் வராதீங்க. காய்ச்சல்னு போன் பண்ணிச் சொல்லிருங்க."

"ஏன்டி?"

சுகுணா சொன்னாள். தோசை கருகியது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

"அப்ப ராசம்மா?" என்று கேட்டாள் சந்திரமதி.

"பாதிக்குப் பாதி சரியாத்தான் இருக்கும்க்கா."

"சரியா இல்லேன்னா?"

"நா என்னக்கா பண்ணட்டும்? டாக்டர்கிட்ட சொன்னா நாளைக்கு எனக்கு வேலை கிடையாது. இந்த ஊர்ல வேற கிளினிக்கா இருக்கு? மறுபடி தோல் எடுக்கணும், மறுபடி ரெண்டு மாசம், அந்தம்மா மறுபடி கப்பல் ஏறி வரணும்... நீங்க யார்கிட்டயும் வாயத் தெறக்கக் கூடாது. எம்மேல சத்தியம் பண்ணுங்க."

சந்திரமதி அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். அப்போது அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. (இந்த வரியை மூன்று முறை அடித்தேன். மூன்று முறையும் திரும்ப எழுதினேன்.) தன்னிடம் சொல்லிவிட்டாள் அல்லவா, தான் தப்பித்தாயிற்று அல்லவா என்ற நிம்மதி. ராசம்மாவின் நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

5

திருத்தம்.

நான் எதையும் ஒட்டுக்கேட்கவில்லை. கருகியது என் தோசை. சந்திரமதி நான்தான்.

ராசம்மா என்று ஒருத்தி இல்லை. அந்தப் பெயர் வருகிற இடமெல்லாம் ஒச்சம்மா என்று படியுங்கள். ஊர் கேம்பல் பே இல்லை, கச்சால் தீவு. இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்து அங்கே ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பம். 'ஏலாது' என்ற சொல்லை மட்டும் மாற்ற எனக்கு மனம் வரவில்லை. அது அவளுடையது. குழி இருப்பது நெற்றியில் இல்லை, இடது கன்னத்தில். பல் பழுத்துச் சீழ் கட்டியபோது பத்து நாள் கப்பல் வரவில்லை. வந்தபிறகு கீறி எடுத்ததில் கன்னம் உள்ளே போய்விட்டது. பதினோரு வருடமாக, பார்க்கிறவர்கள் எல்லோரும் அவளிடம் கேட்கும் முதல் கேள்வி அந்தக் கன்னத்தைப் பற்றித்தான்.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், அவளே சொன்னாள். இப்போது என் பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறாள். மணி பத்தே கால். காய்ச்சல் என்று போன் செய்யாமல் நான் கிளினிக்குக்கே வந்துவிட்டேன். வந்தவள் டாக்டர் அறைக்கதவைத் தட்டியிருக்கலாம். நோட்டை விரித்துக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இதைக் கோழைத்தனம் என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கப் போவதில்லை.

சுகுணா இரண்டு முறை எட்டிப் பார்த்தாள். அவள் கண் என் நோட்டின் மேல் நின்றது.

6

முடிவுகள்.

(அ) நான் கதவைத் தட்டுகிறேன். டாக்டர் இரண்டு சிரிஞ்சையும் குப்பையில் போடுகிறார். ஒச்சம்மா வந்த வழியே கப்பலேறுகிறாள். அடுத்த வாரத்திலிருந்து சுகுணாவின் ஸ்கூட்டி பகலெல்லாம் வீட்டு வாசலில் நிற்கிறது. அவள் என்னோடு பேசுவதில்லை.

(ஆ) நான் சும்மா இருக்கிறேன். சிரிஞ்சில் இருப்பது ஒச்சம்மாவின் தோல்தான். கன்னம் நிரம்புகிறது. எல்லோரும் சந்தோஷமாக...

(இ) நான் சும்மா இருக்கிறேன். சிரிஞ்சில் இருப்பது என் தோல். ஒச்சம்மா கச்சால் போய்ச் சேர்ந்தபின் கன்னம் சிவக்கிறது, வீங்குகிறது. என் ரத்தத்தில் என்னென்ன இருக்கிறதோ எனக்கே தெரியாது. கப்பல் வரப் பத்து நாள் ஆகிறது.

(ஆ)வுக்கும் (இ)க்கும் நடுவில் நான் செய்வதற்கு ஒன்றுமே இல்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டிலும் நான் சும்மாதான் இருக்கிறேன்.

(ஈ) சுகுணாவே

7

இந்தப் பகுதியை நோட்டில் எழுதவில்லை. என் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். நோட்டு என் கையில் இல்லை.

"என்னாங்க அப்பப் புடிச்சு எழுதுறீங்க?" என்று ஒச்சம்மா கேட்டாள். "கணக்கா?"

"கதை."

"தமிழ்லயா? குடுங்களேன். கண்டு ரொம்ப நாளாச்சு. கப்பல்ல பூரா ஹிந்திப் படந்தான் போட்டாங்க."

யாரிடமும் வாயைத் திறக்க மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். எழுதியதைக் கொடுக்க மாட்டேன் என்று செய்யவில்லை. நோட்டை நீட்டினேன். முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது இந்த வகைக் கதைகளில் வழக்கம்தானே. என் கதையின் முடிவுக்குச் சொந்தமான வாசகி ஒருத்திதான்.

அவள் மெதுவாகப் படிக்கிறாள். எழுத்துக்குக் கீழே விரல் வைத்து, உதடு அசைய. மூன்று தொடக்கங்கள் எழுதித் தொலைத்ததற்கு என்னையே திட்டிக்கொண்டேன். அந்த அடிக்குறிப்பு எதற்கு? அந்த நாய் எதற்கு? பத்து நாற்பதுக்குத்தான் இரண்டாம் பகுதியை முடித்தாள்.

"இவளுக்கும் தோலு எடுத்தாங்களாமே," என்றாள். "நம்மளப் போலவே. உலகத்துல எத்தன பேரு பாருங்க."

நேரே ஐந்தாம் பகுதிக்குப் போ என்று சொல்ல வாயெடுத்தேன். வாயைத் திறக்க மாட்டேன் என்ற சத்தியம் குறுக்கே வந்தது.

பத்து ஐம்பத்தைந்து. பொன்னுத்துரை போன் செய்யும் இடத்தில் உச்சுக்கொட்டினாள். தோசை கருகியபோது என் பக்கம் திரும்பாமலே தலையை ஆட்டினாள்.

"பாவங்க இந்த ராசம்மா. பக்கத்து வீட்டுக்காரிய மட்டும் காப்பாத்திப்புட்டா பாருங்க அந்த நர்ஸு. சத்தியம் பண்ணுனவளும் பொம்பளதானே?"

அதையும் இந்தச் சீட்டில் எழுதிக்கொண்டேன்.

கதவு திறந்தது. சுகுணா. கையில் எஃகுத் தட்டு, தட்டில் ஒரு சிரிஞ்சு. அவள் என்னைப் பார்த்தாள், பிறகு ஒச்சம்மாவின் மடியில் இருந்த நோட்டைப் பார்த்தாள்.  மன்னித்துவிடு என்று மனதுக்குள் சொன்னேன்.

"ஒச்சம்மா, உள்ள வாங்க. டாக்டர் கூப்புடுறாரு."

ஒச்சம்மா விரலை வரியிலிருந்து எடுக்கவில்லை.

"கொஞ்சம் இருங்க நர்ஸம்மா. இந்த ராசம்மாளுக்கு யாராச்சும் சொல்றாங்களான்னு பாத்துட்டு வந்துர்றேன்."

விரலை எச்சில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினாள். ஐந்தாம் பகுதி அந்தப் பக்கத்தில்தான் தொடங்குகிறது.