முதல் வரியில் ஒரு பெயர்

லூயெல்லா ஹார்ப்ஸ்டர் பழைய தலையணை ஒன்றை முழங்காலுக்குக் கீழே போட்டுக்கொண்டு, எஸ்ரா டன்லிவியின் கல்லறைக் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். எஸ்ரா அவளுடைய முப்பாட்டனுக்கும் முப்பாட்டன். அமெரிக்க விடுதலைப் போரில் இங்கிலாந்து ராஜாவின் படையை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கியவன். சண்டை ஓய்ந்ததும் ஒஹையோவுக்கு வந்து நிலம் திருத்தி, இந்த மண்ணிலேயே அடங்கிப்போனவன். ஒவ்வொரு மே மாதமும், படைவீரர் நினைவு நாளுக்கு முன்னால், அந்தப் போர்வீரர்களின் வழிவந்த புதல்வியர் சங்கத்துப் பெண்கள் வந்து இந்தக் கல்லறைகளைக் கழுவிக் கொடி நட்டுவிட்டுப் போவார்கள். கழுவுவதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் வெறும் தண்ணீரை ஊற்றிக் கல்லைக் குடிக்கவிட வேண்டும். பிறகு மெத்தென்ற பிரஷால் கீழிருந்து மேலாகத் தேய்க்க வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் அழுக்கு வழிந்து கறையாய் நின்றுவிடும்.

"அம்மா, முட்டிய நகத்து. தண்ணி ஊத்தப் போறேன்" என்றாள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற மகள் கார்லா.

"மெதுவா ஊத்துடி. இது உன் ஸ்கூல் பஸ் டயர் இல்ல."

பக்கத்துக் கல்லில் கொடி நட்டுக்கொண்டிருந்த ஃபேய் சிரித்தாள். ஃபேய்தான் சங்கத் தலைவி. லூயெல்லாவோடு ஒன்றாம் வகுப்பிலிருந்தே சண்டை போட்டு வளர்ந்தவள். "கார்லா இல்லேன்னா இந்தப் பொணமெல்லாம் குளிக்காமத்தான் கெடக்கணும். மெம்பரே ஆகாத மெம்பர்னா இவதான்" என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் கார்லா வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு நடந்தபோது, நடையில் ஏதோ ஒன்று குறைந்திருந்தது.

கார்லா பால்மணம் மாறாத பிள்ளையாய் இந்த வீட்டுக்கு வந்தவள். லூயெல்லாவும் கணவன் சாமும் எத்தனையோ வருஷம் காத்திருந்து தத்தெடுத்த குழந்தை. சிறு வயதிலேயே வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு சங்கக் கூட்டங்களில் கொடி பிடித்தாள், கதவு திறந்தாள், காபி ஊற்றினாள், எலுமிச்சை கேக் பரிமாறினாள். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டாள். இன்னும் காபிதான் ஊற்றுகிறாள். சங்கத்தில் சேர, போரில் பங்கெடுத்த ஒருவரின் ரத்த வழி வேண்டும். ஒவ்வொரு தலைமுறையாகக் கோர்த்து நிரூபிக்க வேண்டும். அதைச் சரிபார்க்கிற வேலை, கவுண்டி என்கிற இந்த மாவட்டம் முழுவதற்கும் லூயெல்லாவுடையது. தத்து வந்த தாத்தாவின் வழியைக் காட்டி ஒருத்தி ஒருமுறை கெஞ்சியபோது, "ரத்தம் வேணும்மா. அன்பு சாட்சிக்கு ஆகாது" என்று தன்மையாகச் சொல்லி, ஒரு துண்டு கேக்கும் கொடுத்து அனுப்பியவள் அவள். அந்தத் தட்டை எடுத்துக் கொடுத்தது சிறுமி கார்லா.

அன்று வீடு திரும்பும்போது, வண்டி ஓட்டிக்கொண்டே கார்லா பேச்செடுத்தாள். சட்டம் மாறியதிலிருந்து, தத்துப் போனவர்களும் தங்கள் முதல் பிறப்புச் சான்றிதழை வாங்கலாம் என்று ஆகிவிட்டதே, அதை அவளும் வாங்கிவிட்டாளாம்.

"பெத்தவ நான்சி ஃபுல்ட்ஸ்னு பேரு. பக்கத்துக் கவுண்டிதான். செத்துப் பல வருஷம் ஆச்சும்மா."

லூயெல்லா ஜன்னல் வழியே பார்த்தாள். சோளம் இன்னும் முளைவிடாத வெறும் வயல்.

"நான் யாரையும் தேடிப் போகல. நீ அப்படி நெனச்சுக்காத. அந்த வழியில யாராவது சண்டைக்குப் போயிருந்தா நானும் சேரலாம்ல? ஊருக்கெல்லாம் பாத்துக் குடுத்திருக்க. எனக்கும் பாத்துக் குடு."

"இத்தன வருஷம் இல்லாத ஆச இப்ப என்னடி?"

"உன் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காரணும்மா. காபி ஊத்துற ஆளா நிக்க வேணாம்."

"பாக்கறேன்" என்றாள் லூயெல்லா.

பார்த்தாள். சில வழிகளை வருஷக்கணக்கில் தேடினாலும் அகப்படாது. இதுவோ ஸ்வெட்டரில் பிரிந்த நூல் மாதிரி இழுக்க இழுக்க வந்தது. நான்சியின் அம்மா, அவளுடைய அப்பா, அவருடைய பாட்டி என்று போய், ஜெத்ரோ மக்விக்கரில் முடிந்தது. பனிக்காலத்தில் பட்டினி கிடந்த படைக்கு மாவு மூட்டை ஏற்றிப்போன வண்டிக்காரன். சங்கம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்ளும். லூயெல்லா விண்ணப்பத்தை எடுத்து வைத்தாள். தலைப்பில், விண்ணப்பிப்பவர் பெயர்: கார்லா. அதன் கீழே வழியின் முதல் வரி, இன்னாரின் மகள். அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது.

எத்தனை பெண்களுக்காக அந்த இடத்தை நிரப்பியிருப்பாள்! கை ஒருபோதும் நின்றதில்லை. இப்போது அங்கே நான்சி ஃபுல்ட்ஸ் என்று எழுத வேண்டும், தன் கையாலேயே. காய்ச்சலில் அனத்திய பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டு நடந்த இரவுகளுக்கு அந்தத் தாளில் இடம் கிடையாது. வழி அறுந்துபோச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். லூயெல்லா அறுந்தது என்றால் அறுந்ததுதான். இந்தக் கவுண்டியில் யாரும் மறுபடி தேடமாட்டார்கள். கார்லா கேட்கும்போதெல்லாம், "இன்னும் தேடிட்டிருக்கேன் கண்ணு" என்றாள். மே கழிந்தது. ஜூனில் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். கோடை வகுப்புப் பிள்ளைகளுக்காகக் கார்லா அரை நாள் மட்டும் பஸ் ஓட்டினாள்.

ஜூன் கடைசியில் நீதிமன்றத்தில் புதுக் குடிமக்கள் உறுதிமொழி எடுத்தார்கள். வெளியே வருகிற ஒவ்வொருவருக்கும் சிறு கொடி கொடுத்துக் கைகுலுக்குவது சங்கத்தின் வேலை. லூயெல்லாவுக்கு அதில் தனிப் பிரியம். கோழிப் பண்ணையில் வேலை செய்கிற குவாத்தமாலாக்காரர் ஒருவர் கொடியை வாங்கிச் சட்டைப் பையில் செருகி, தடவிப் பார்த்துக்கொண்டார். "இன்னிலேருந்து இது உங்க நாடு" என்று வழக்கமாகச் சொல்வதை லூயெல்லா அவரிடமும் சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்காமல் அப்படியே நின்றாள்.

ஃபேய் முழங்கையால் இடித்தாள். "என்னடி, கொடிய மென்னு முழுங்கற மாதிரி நிக்கற? கார்லாவுக்குத் தாத்தா கெடச்சாச்சா?"

"தேடிட்டிருக்கேன்."

"போடி இவளே. உனக்குக் கெடைக்காத தாத்தா ஒருத்தன் இருக்கானா? ஆதாமுக்கே அப்பன கண்டுபிடிக்கறவ நீ."

லூயெல்லா குரலைத் தாழ்த்தினாள். "முதல் வரியில என் பேரு வராது ஃபேய்."

ஃபேய் கொடிகளைச் சீராக அடுக்கிக்கொண்டே சொன்னாள். "என் மக விண்ணப்பத்துல என் பேரு கொட்டை எழுத்துல இருக்கு. கிறிஸ்துமஸுக்கு ஒரு போன் கெடையாது. அந்த வரிய வச்சு நாக்கு வழிக்கவா?"

மறுநாள் லூயெல்லா தனியாகக் காரை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கவுண்டிக்குப் போனாள். சோயா வயலுக்கு நடுவில், முள்ளுச்செடி மண்டிய ஒரு மேட்டில், நாலைந்து கற்கள். மக்விக்கர் கல் சாய்ந்து, கரும்பாசி படர்ந்து, ஊர்பேர் தெரியாமல் நின்றது. ஒரு கொடி இல்லை. கொண்டுவந்த ஒரு கேன் தண்ணீரை ஊற்றிக் கல்லைக் குடிக்கவிட்டு, கீழிருந்து மேலாகத் தேய்த்தாள். பாசி லேசில் போகவில்லை. ஆனால் ஈரத்தில் எழுத்து கறுத்து எழுந்தது. ஜெ. பிறகு த்ரோ. விரலால் தொட்டுப் பார்த்தாள். கார்லாவின் முன்கோபம் இந்த ஆளுடையதோ? இந்தக் கோபம் யாரிடமிருந்து வந்தது என்று சாம் எத்தனையோ தரம் கேட்டதுண்டு. இதுவரை அவள் பதில் தேடியதில்லை.

கைப்பேசியை எடுத்தாள்.

"கார்லா, பஸ் ஓட்டி முடிச்சாச்சா?"

"இப்பத்தான் கடைசிப் புள்ளய எறக்கிவிட்டேன். ஏம்மா மூச்சு வாங்குது?"

"தண்ணி கொண்டு வா, ரெண்டு கேன். கல்லு ஒண்ணு, யாருமே கழுவினதில்ல போலிருக்கு."

"யாரு கல்லும்மா?"

"உன்னோடது. உன் வழி."

மறுமுனையில் இன்ஜின் அணைந்தது. "கண்டுபிடிச்சிட்டியா?"

"முன்னாடியே."

"முன்னாடின்னா எப்போ?"

"வந்து திட்டு. இப்பக் கெளம்பு. வெயில் சுள்ளுனு அடிக்குது, எழுத்து காயுது."

வழி சொல்லிவிட்டு வைத்தாள். கேனில் சொட்டு இல்லை. கல்லின் மேல் விளிம்பு அதற்குள் வெளுக்கத் தொடங்கியிருந்தது. ஜெத்ரோவின் முதல் எழுத்து மங்கிக்கொண்டு வந்தது. காரிலிருந்து குடிக்கிற தண்ணீர் பாட்டிலை எடுத்துவந்து, தலையணையில் முட்டி போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளங்கையில் ஊற்றி, காய்கிற எழுத்தின் மேல் வைத்து வைத்து எடுத்தாள். தூரத்தில் சரளைச் சாலையில் புழுதி கிளம்பியது. பிள்ளைகள் இல்லாத மஞ்சள் பள்ளிக்கூட பஸ், கவுண்டி எல்லையைத் தாண்டி, விதி எல்லாவற்றையும் மீறிக்கொண்டு வந்தது. பாட்டிலில் இன்னும் ஒரு வாய் இருந்தது. லூயெல்லா அதையும் கையில் ஊற்றி, அந்தப் பெயரின் மேல் பொத்திப் பிடித்துக்கொண்டாள்.