பதினொன்றால் வகுபடும் எண்

ரத்த வங்கியில் அவளுக்குப் பட்டப்பெயர் 'பதினொன்று'. எந்த எண்ணைக் கண்டாலும் பதினொன்றால் வகுத்துப் பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. ரத்தப் பைகளில் ஒட்டும் ஏழு இலக்க எண்களைக் கணினி அப்படித்தான் கொடுக்கும்: எல்லாமே பதினொன்றால் மிச்சமில்லாமல் வகுபடும். எழுதும்போது ஓர் இலக்கம் பிசகினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் மிச்சம் காட்டிக் கொடுத்துவிடும். போதாததற்கு, பையில் உள்ள இலக்கங்களைக் கூட்டி, நோயாளியின் சீட்டில் உள்ள எண்ணின் கூட்டுத்தொகையோடு ஒத்துப் பார்ப்பாள். ஒவ்வொரு இலக்கமாக வாசித்து ஒப்பிடுவதெல்லாம் கணக்குத் தெரியாதவர்கள் வேலை என்பாள். வாய்க்கொழுப்பு கொஞ்சம் அதிகம்தான்.

அன்று மாடியில் அறுவை அறையில் கிடந்தவன் அவள் தம்பி. கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்தவன். அவன் ரத்தம் முரண்டு பிடிக்கிற ரகம். அதே குரூப் பையானாலும் எல்லாம் ஒத்துக்கொள்ளாது. தேடித் தேடிப் பார்த்ததில் பொருந்தியது ஒரே ஒரு பை.

"அக்கா, பையை உடனே அனுப்புங்க!" என்று மேலிருந்து நர்ஸ் போனில் கத்தினாள்.

குளிர்பெட்டியை அவசரமாகத் திறந்தாள். பையை எடுத்தாள். வகுத்தாள், மிச்சம் இல்லை. கூட்டினாள், முப்பத்தொன்று, சீட்டிலும் முப்பத்தொன்று. பையை ஊழியரிடம் கொடுத்து, "ஓடுங்கண்ணே" என்றாள்.

பெட்டியை மூடப் போனவள் மறுபடி உள்ளே பார்த்தாள். தம்பியின் பெயர்ச்சீட்டு கட்டிய பை மூலையில் அப்படியே இருந்தது. 4826173.

அப்படியானால் போனது எது? கணினித் திரையில் இருப்புப் பட்டியலைப் பார்த்தாள். பெட்டியில் இல்லாதது 4827163.

நடுவிலிருந்த ஒன்று நகராமல் நிற்க, ஆறும் ஏழும் இடம் மாறியிருந்தன. கழித்துப் பார்த்தாள்: தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. பதினொன்றால் போகும்; அதே இலக்கங்கள் என்பதால் கூட்டுத்தொகையும் மாறாது. அவள் நம்பிய இரண்டு காவல்காரர்களுக்கும் ஒரே இடத்தில் கண் தெரியாது என்று அந்த நொடியில்தான் உறைத்தது. ஏழால் வகுத்து இரண்டு மிச்சத்தையும் ஒப்பிட்டிருந்தால்கூடத் தெரிந்திருக்கும். சும்மா வாசித்திருந்தாலே தெரிந்திருக்கும்.

போன் அடித்தாள். எடுப்பாரில்லை. சரியான பையை மார்போடு அணைத்துக்கொண்டு படிக்கட்டில் ஓடினாள். எத்தனை படி என்று எண்ணத் தோன்றாத முதல் ஓட்டம் அது. கடவுளே, கடவுளே என்பதைத் தவிர நாக்கில் எதுவும் வரவில்லை.

அறுவை அறையில் அந்தத் தவறான பை கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. குழாயும் மாட்டியாயிற்று. குழாயின் திருகைத் திறக்காமல், நர்ஸ் உதடு அசைய ஏதோ முணுமுணுத்துக்கொண்டு நின்றாள்.

"திறக்காத!"

"ஏன்க்கா இப்படிப் பதறுறீங்க? நீங்க சொல்லிக் குடுத்தபடியே பதினொன்னால வகுத்துட்டேன், கூட்டியும் பாத்துட்டேன். ரெண்டும் சரியா இருக்கு" என்று சிரித்தபடி நர்ஸ் திருகில் கை வைத்தாள்.

அவள் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். அழுதுகொண்டே கொண்டுவந்த பையை நீட்டினாள்.

"கணக்குப் போடாதடி. வாசி. ஒவ்வொண்ணா, சத்தமா வாசி."