செம்மண் கழுவிய துவரை

டின் மூடியைத் திறந்தாள் ஜெயக்கொடி. விதைத் துவரை முழுக்க வண்டு. கையை விட்டு அடிவரைக்கும் கிளறிப் பார்த்தாள். எல்லாம் ஓட்டை. விரலில் ஒட்டியது மாவும் பூஞ்சணமும்தான்.

வாசலில் மாட்டு வண்டியை நிறுத்தியிருந்தான் அவள் கொழுந்தன் காளை. பேரையூரிலிருந்து ராவெல்லாம் ஓட்டிக்கொண்டு, டவுனில் அவள் குடியிருந்த சிம்மக்கல்லுக்கு வந்தவன்.

"மதினி, முந்தாநாளு நல்ல மழை. காடு பதமா இருக்கு. வெதையக் குடுத்தீகன்னா இப்பவே திரும்பிருவேன். ஈரம் காயுறதுக்குள்ள போட்டாகணும்."

"இந்தா வாரேன் தம்பி. கொஞ்சம் நீராகாரம் குடிங்க."

குடிக்கக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தாள். கொல்லைக்குப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடியும் மூடியைத் திறந்தாள். அதற்குள் வண்டெல்லாம் மனமிரங்கி வெளியேறிவிடுமா என்ன?

யுத்த காலம். வியாபாரிகள் களத்துமேட்டுக்கே வந்து நல்ல விலைக்குக் கேட்டார்கள். காளையும் விளைந்ததை எல்லாம் விற்றுவிட்டான். விதையை மட்டும் நிறுத்தி, தன் வீட்டுக் கூரை ஒழுகுகிறதென்று மதினியிடம் ஒப்படைத்தான். அவளும் முறையாகத்தான் செய்தாள். செம்மண்ணைக் கரைத்துத் துவரையில் பிசறி, வெயிலில் சுக்காகக் காயவைத்து, பானையில் அடைத்தாள். மண் பூசிய விதையை வண்டு அண்டாது. அவள் பிறந்த வாடிப்பட்டிப் பக்கம் நண்டு சிண்டுக்கெல்லாம் தெரிந்த வேலை அது.

கெடுத்தது வண்டு அல்ல, வெட்கம். புருஷன் நல்லகாமன் மில்லில் கணக்கு எழுதுகிறவன். கூட வேலை பார்ப்பவரின் மனைவி ரெங்கம்மாள் ஒருநாள் விருந்துக்கு வந்தாள். வந்தவள் சாப்பிட்டுப் போகக் கூடாதா? அடுப்படியில் பானையைத் திறந்து பார்த்து, "என்ன ஜெயக்கொடி, உங்க ஊர்ல பருப்ப மண்ணோடதான் திம்பாகளோ?" என்று ஊரே கேட்கிற மாதிரி சிரித்தாள். நல்லகாமனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஜெயக்கொடிக்கு நாண்டுகொள்ளலாம் போல இருந்தது. மறுநாளே விதையைத் தண்ணீரில் அலசு அலசென்று அலசி, மேகமூட்டத்தில் அரைகுறையாக உலர்த்தி, பளபளவென்ற பிஸ்கட் டின்னில் கொட்டி மூடினாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று தெரியாதவளா அவள்? தெரிந்துதான் செய்தாள், பாவி மகள்.

இப்போது நல்லகாமன் டின்னை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "எலி தின்னுருச்சுன்னு சொல்லிரு. கடையில வாங்கிக் குடுத்துரலாம்."

"கடையில உடைச்ச பருப்புல்ல இருக்கு? அது மொளைக்குமா?"

அவள் டின்னைத் தூக்கிக்கொண்டு போய்க் காளை முன்னால் வைத்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்லக் கண்ணீர் வடிந்தது.

காளை தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "என்ன காரியம் பண்ணிட்டீக மதினி! இந்த ஈரத்த விட்டா வருசமே போச்சே. பிள்ளைகளுக்கு என்னத்தப் போடுவேன்?" பிறகு டின்னை ஓரமாகத் தள்ளிவிட்டு அவனே சொன்னான், "உங்கள மட்டும் சொல்லி என்ன? நானும்ல வழிச்சு வித்துப்புட்டேன்."

"எந்திரிங்க தம்பி. எங்கண்ணன் வீட்டுல வெதை இருக்கும். வண்டிய வாடிப்பட்டிக்கு விடுங்க, நானும் வாரேன்."

"அங்க போயி என்னன்னு கேப்பீக?"

"நடந்ததச் சொல்லித்தான் கேப்பேன்."

நல்லகாமன் வாசலை மறித்தான். "அங்க போயி இந்த மண்ணுக் கதையெல்லாம் சொல்லப்போறியா? நாலு பேரு சிரிப்பாகல்ல? என் மானம் என்னத்துக்கு ஆகும்?"

அக்கம்பக்கத்தில் தலைகள் எட்டிப் பார்த்தன. ஜெயக்கொடி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சிரிக்கட்டும்ங்க. ஒருத்தி சிரிச்சான்னுதான வெதையக் கழுவுனேன்? இன்னைக்கு ஒரு குடும்பமே வெறுங்காட்டப் பாத்து நிக்குது. கையில மண்ணு ஒட்டுனா மானம் போயிராது. தெரிஞ்ச வேலையச் செய்ய வெக்கப்பட்டுட்டு, ஒரு பிடி வெதைக்கு அடுத்த வீட்டு வாசல்ல போயி நிக்கிறோம் பாருங்க, அதுதான் மானக்கேடு. வழிய விடுங்க!"